இரசாயன ஆயுத உடன்படிக்கைக்கு விவரம் கொடுத்தால் நமது ஃபார்முலா வெளியே போகுமா?

கேள்வி: பெருந்துறை உற்பத்தியாளர்

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறை சிப்காட்டில் துணித் தொழிலுக்கான துணை இரசாயனங்கள் தயாரிக்கும் சிறிய ஆலையை நானும் என் மைத்துனரும் நடத்தி வருகிறோம். திருப்பூர், ஈரோடு பகுதிப் பிரிண்டிங் பட்டறைகளில் சாயம் பேஸ்ட்டில் சீராகக் கரைவதற்கான கலவைதான் எங்களுடைய ஓடுகிற சரக்கு. அதில் தயோடைகிளைக்கால் என்ற கரைப்பானைச் சேர்க்கிறோம். சுத்தமான சரக்காக வாங்கி, நாங்களே கலக்குகிறோம். ஆண்டுக்குச் சில டன்கள் செலவாகின்றன.

இரசாயன ஆயுதங்களைத் தடை செய்யும் சர்வதேச ஒப்பந்தமான இரசாயன ஆயுத உடன்படிக்கை, ஆயுதத்துக்குப் பயன்படக்கூடிய பொருட்களை மூன்று அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது. அந்தப் பொருள் அதன் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால், எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு பயன்படுத்தினோம், எதற்காகப் பயன்படுத்தினோம் என்ற விவரங்களை ஆண்டுதோறும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் சொல்கிறார். அறிவிப்பதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் எங்கள் பிழைப்பே அந்தக் கலவையில்தான் இருக்கிறது. நம் பகுதியில் ஒரு சரக்கு நன்றாக ஓடினால், ஆறு மாதத்துக்குள் அதே சரக்கு வேறொருவர் டிரம்மில் பாதி விலைக்கு வந்து இறங்கிவிடும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் கொடுக்கும் தாளை டெல்லியில் யார் யார் பார்ப்பார்கள்? அது வெளிநாட்டுக்கும் போகுமா? போட்டியாளர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அதை வாங்கிவிட முடியுமா? வெளிநாட்டு ஆய்வாளர்கள் நேரில் வந்தால், கலவையில் என்னென்ன இருக்கிறது என்பதை மாதிரி எடுத்துக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கோவை, ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர்

தம்பிக்கு வணக்கம். வெளிமாநிலத்தில் பெரிய ஆலை ஒன்றில் பணியாற்றிய காலத்தில் இந்த அறிவிக்கைகளைத் தயாரிக்கும் பொறுப்பும், சர்வதேச ஆய்வுக் குழுவை வரவேற்று உடன் சுற்றும் பொறுப்பும் எனக்கு இருந்தன. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் ஆடிட்டர் சொன்னது சரிதான். தயோடைகிளைக்கால் சாயத் தொழிலுக்கும் மைத் தொழிலுக்கும் நல்ல கரைப்பான். கடுகு வாயு என்ற போர் நச்சுக்கு மூலப்பொருளும் அதுவே. 1980-களில் ஈராக் கடுகு வாயுவைப் போரிலும் சொந்தக் குர்து மக்கள் மீதும் பயன்படுத்தியபோது, அதற்கான தயோடைகிளைக்கால் சாதாரண வணிகச் சரக்காகத்தான் கப்பலேறிப் போனது. அதை விற்ற ஒரு டச்சு வணிகரை, போர்க் குற்றங்களுக்கு உடந்தையாக இருந்தார் என்று 2005-இல் ஹேக் நகர நீதிமன்றம் தண்டித்தது. எந்த ஆலையில் எவ்வளவு சரக்கு வந்தது, எங்கே செலவானது என்று அரசு கணக்குக் கேட்பதற்கு இந்த வரலாறுதான் காரணம். கேட்பவர்களுக்கு உங்கள் ஃபார்முலா மேல் கண் இல்லை. சரக்கு வழி தவறிப் போகவில்லை என்பது தெரிந்தால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டு படிவத்தைப் படித்தால், அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பது தெளிவாகும்.

உடன்படிக்கை 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முந்தைய ஆண்டே ஏற்புறுதி அளித்துவிட்டது. அதை நிறைவேற்ற 2000-ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் தேசிய ஆணையம் ஒன்றும் இயங்குகிறது. உங்கள் பொருள் இரண்டாம் அட்டவணையின் ‘பி’ பிரிவில் வருகிறது. அதற்கான வரம்பு ஆண்டுக்கு 1 டன். கடந்த 3 நாட்காட்டி ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றில் அந்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்திருந்தாலோ, கலந்து பதப்படுத்தியிருந்தாலோ, நுகர்ந்திருந்தாலோ, வரும் ஆண்டில் அப்படிச் செய்யத் திட்டமிட்டிருந்தாலோ அறிவிக்க வேண்டும். அந்தப் பொருள் 30 விழுக்காடும் அதற்குக் குறைவாகவும் உள்ள கலவைக்கு அறிவிக்கை தேவையில்லை என்ற விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் சுத்தமான சரக்கை வாங்கி நீங்களே கலப்பதால், அந்த விலக்கை நம்பி இருந்துவிட வேண்டாம். முடிந்த ஆண்டின் கணக்கு, ஆண்டு முடிந்து 90 நாட்களுக்குள் இந்தியாவிடமிருந்து ஹேக் நகரிலுள்ள இரசாயன ஆயுதத் தடை அமைப்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஆகவே உங்களிடம் கேட்கப்படும் தேதி அதற்கு வெகு முன்னதாகவே இருக்கும்.

படிவத்தில் ஆலையின் பெயர், உரிமையாளர், இருப்பிடம், எந்தப் பொருள், ஆண்டு முழுவதற்குமான மொத்த அளவு, இறக்குமதி ஏற்றுமதி அளவு, எந்த நோக்கத்துக்கு என்பவை கேட்கப்படும். நோக்கம் என்ற இடத்தில், எவ்வகைப் பொருள் தயாரிக்கப்படுகிறது என்பதைச் சொன்னால் போதும். கலவையில் உடன் சேரும் மற்றப் பொருட்கள், விகிதம், சேர்க்கும் வரிசை, வெப்பநிலை, வாடிக்கையாளர் பட்டியல் எவையும் கேட்கப்படுவதில்லை. பலர் பயத்தில் கேட்காததையெல்லாம் இணைப்பாகச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். செயல்முறைக் குறிப்பை முழுமையாக எழுதி, ‘தங்கள் மேலான பார்வைக்கு’ என்று உறையில் வைத்து அனுப்பியவர்களை நான் அறிவேன். கேட்டதற்கு உண்மையாகவும் முழுமையாகவும் பதில் சொல்லுங்கள், கேட்காததை அனுப்பாதீர்கள். அரசுக் கோப்பில் இல்லாத இரகசியத்தை யாரும் அங்கிருந்து எடுக்க முடியாது.

வெளிநாட்டுக்குப் போகுமா என்று கேட்டீர்கள். போகும். இந்திய அரசு அதை ஹேக் நகருக்கு அனுப்புகிறது. அங்கே இரகசியப் பாதுகாப்புக்கென்றே உடன்படிக்கையில் தனி இணைப்பு இருக்கிறது. தகவலை அளிக்கும் நாடு அதை இரகசியம் என்று குறித்தால் அது இரகசியமாகவே நடத்தப்பட வேண்டும். கட்டுப்படுத்தப்பட்டது, பாதுகாக்கப்பட்டது, உயர் பாதுகாப்புக்குரியது என்று 3 படிநிலைகள் உண்டு. எந்த ஆலையைப் பற்றியது என்று நேரடியாகத் தெரியாத வடிவில் தகவலைக் கூடியவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் விதி. ஊழியர் ஒவ்வொருவரும் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். பணியிலிருந்து விலகிய பின்னும் 5 ஆண்டுகள் அது அவரைக் கட்டுப்படுத்தும்.

ஆனால் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, ஆண்டு அறிவிக்கைகள் மற்ற உறுப்பு நாடுகளின் அரசுகளுக்கும் வழங்கப்படக்கூடியவை. பெறும் நாடும் அதை இரகசியமாகவே காக்க வேண்டும். உடன்படிக்கை தொடர்பான உரிமைக்கும் கடமைக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு சொல்கிறது. இரண்டாவது, அந்த அமைப்பின் ஊழியர் ஒருவர் இரகசியத்தை மீறினால், அவர்மீது தலைமை இயக்குநர் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், கடுமையான மீறலில் அவருடைய சட்டப் பாதுகாப்பையும் விலக்கலாம். ஆனால் அமைப்பு அதற்குப் பொறுப்பாகாது என்று அதே இணைப்பு வெளிப்படையாகவே கூறுகிறது. தகராறுகளைத் தீர்க்க 20 பேர் கொண்ட ஓர் ஆணையம் உண்டு; அது நாடுகளுக்கிடையிலான வழி. பெருந்துறையிலுள்ள ஒரு சிறு ஆலைக்கு நட்டஈடு என்று யாரும் காசோலை அனுப்பப் போவதில்லை. ஆகவே பாதுகாப்பின் பெரும்பகுதி நாம் தாளைக் கொடுக்கும் முன்பே நம் கையில்தான் இருக்கிறது.

அடுத்து நேரடி ஆய்வு. உங்கள் வகைப் பொருளுக்கு ஆண்டு அளவு 10 டன்னைத் தாண்டினால்தான் ஆலை ஆய்வுக்கு உட்படும். நீங்கள் ‘சில டன்’ என்று எழுதியிருப்பதால் இப்போதைக்கு அது உங்களைத் தொடாமலே இருக்கலாம். வியாபாரம் வளர்ந்தால் தொடும். அதற்கு இப்போதே பழகிக்கொள்வது நல்லது. இரண்டாம் அட்டவணை ஆலைக்கு 48 மணி நேர முன்னறிவிப்புத்தான் கிடைக்கும். ஆய்வு 96 மணி நேரம் வரை நீளலாம். முதலில் நாம் 3 மணி நேரத்துக்கு மிகாமல் விளக்கம் அளிக்க வேண்டும். பிறகு மூலப்பொருள் வந்திறங்கும் இடம், கிடங்கு, கலக்கும் தொட்டி, கழிவு வெளியேறும் வழி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேசிய ஆணையத்தின் அலுவலர்கள் உடன் இருப்பார்கள். ஆய்வு கூடியவரை குறைந்த ஊடுருவலோடு நடக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் கட்டளை. அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவதை அவர்கள் ஒருபோதும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பதிவேடுகளையும் கேட்பார்கள். இங்கேதான் சிறு ஆலைகள் சிக்கிக்கொள்கின்றன. நம் ஊர் ஆலைகளில் பெரும்பாலும் ஒரே நோட்டில்தான் எல்லாம் இருக்கும். இடப்பக்கம் வந்த டிரம், வலப்பக்கம் அன்றைய பேட்ச், அதற்குக் கீழே பென்சிலில் எந்தப் பொருள் எத்தனை கிலோ என்பதும் எழுதப்பட்டிருக்கும். டிரம் கணக்கைக் காட்ட நோட்டைத் திறந்தால் ரெசிபியும் சேர்ந்தே திறக்கிறது. தயோடைகிளைக்காலுக்கு மட்டும் தனி இருப்புப் பதிவேடு போடுங்கள்: ஆரம்ப இருப்பு, வரவு, வழங்கியது, மீதி. பேட்ச் எண் குறியீடாக இருந்தால் போதும். ரெசிபி அட்டை வேறு அலமாரியில், வேறு ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். வரவும் செலவும் இருப்பும் கிலோ கணக்கில் ஒத்துப்போனால், ரெசிபியைக் கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வராது. கணக்கு இடித்தால், சந்தேகத்தைத் தீர்க்க அடுத்த அடுத்த தாளாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். ஒழுங்கான கணக்கைப் போல இரகசியத்தைக் காக்கும் பூட்டு வேறில்லை. கலக்கும் கூடத்தில் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையையும் மறக்க வேண்டாம். அன்றைய சேர்க்கை வரிசை பெரிய எழுத்தில் அதில்தான் இருக்கும்.

மாதிரி எடுப்பதைப் பற்றி: அவர்கள் கேட்க, நம் ஆட்கள்தான் அவர்கள் முன்னிலையில் எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஆலையிலேயே பரிசோதிப்பதற்கு அவர்களுடைய கருவியில் ‘மறைப்பு முறை’ என்று ஒன்று உண்டு. அந்த முறையில் இயக்கினால், அட்டவணையிலுள்ள பொருட்களும் அவற்றோடு தொடர்புடையவையும் அடங்கிய தரவுத்தளத்தோடு ஒத்துப்போவதை மட்டுமே திரை காட்டும். உங்கள் கலவையிலுள்ள மற்றச் சேர்மானங்கள் அவர்கள் கண்ணுக்கே வருவதில்லை. உங்களைப் போன்றவர்களின் கவலையைத் தீர்ப்பதற்காகவே உருவாக்கப்பட்ட ஏற்பாடு இது. ஆய்வுக்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலேயே, இந்த முறையில்தான் பரிசோதனை வேண்டும் என்று தேசிய ஆணைய அலுவலர் வழியாகக் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த ஆலைக்கு மட்டும் பயன்படும் படங்களையும் வரைபடங்களையும் ஆலையிலேயே பூட்டி வைக்க உடன்படிக்கை இடம் தருகிறது என்பதையும் அப்போதே நினைவூட்டலாம்.

பதில்: ஈரோடு வழக்கறிஞர்

பொறியாளர் ஐயா தொழில்நுட்பப் பக்கத்தை விளக்கிவிட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு, வணிக நம்பகத்தன்மை, தொழில் இரகசியம், அறிவுசார் சொத்து ஆகியவற்றைச் சார்ந்த தகவல் வெளியானால் மூன்றாம் தரப்பின் போட்டி நிலை பாதிக்கப்படும் என்றால் அதைத் தர வேண்டியதில்லை என்கிறது. பெரிய பொதுநலன் அதைக் கோருகிறது என்று அதிகாரி கருதினால் மட்டும் விதிவிலக்கு. ஆனால் உங்களுக்கு உண்மையில் உதவும் பிரிவு 11-தான். மூன்றாம் தரப்பு கொடுத்த, மூன்றாம் தரப்பு இரகசியமாகக் கருதி நடத்திய தகவலை வெளியிட எண்ணும் பொதுத் தகவல் அலுவலர், மனு வந்த 5 நாட்களுக்குள் அந்தத் தரப்புக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 10 நாட்களுக்குள் நீங்கள் ஆட்சேபிக்கலாம். மனு வந்த 40 நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். முடிவு உங்களுக்கு எதிராக இருந்தால் மேல்முறையீடு செய்யும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

‘இரகசியமாகக் கருதி நடத்திய’ என்ற சொற்களைக் கவனியுங்கள். தகவலைக் கொடுத்த நாளில் நீங்கள் அதை இரகசியமாக நடத்தினீர்களா என்பதுதான் சோதனை. மனு வந்த பிறகு விழித்துக்கொண்டு ‘அது எங்கள் தொழில் இரகசியம்’ என்று எழுதினால், கோப்பைப் பார்க்கும் அதிகாரி, தாளின் மேல் ஒரு குறிப்பும் இல்லையே என்று கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். அவர் உங்கள் தொழில் அறிந்தவர் அல்லர். தயோடைகிளைக்காலின் அளவு உங்களுக்கு உயிர்நாடி என்பதும், ஆலையின் பின்கோடு உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே அறிவிக்கையோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். எந்தெந்தக் கட்டத்திலுள்ள தகவல் வணிக இரகசியம், அது வெளியானால் எந்த வகையில் நட்டம், ஆலைக்குள் அதை யார் யார் மட்டும் அறிவார்கள் என்பதை எழுதி, 8(1)(டி), 11 ஆகிய பிரிவுகளின்படி பாதுகாப்புக் கோருகிறோம் என்று முடியுங்கள். எல்லாக் கட்டத்திலும் ‘இரகசியம்’ என்று முத்திரை குத்த வேண்டாம். எல்லாமே இரகசியம் என்று சொல்பவரின் உண்மையான இரகசியத்துக்கு மதிப்புக் குறைகிறது. மேலும் 10-ஆம் பிரிவின்படி, விலக்கு பெற்ற பகுதியை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எதை நீக்க வேண்டும் என்று நீங்களே கோடு போட்டுக் காட்டியிருந்தால் அவர் வேலை எளிதாகும். உங்கள் பாதுகாப்பும் உறுதியாகும்.

இதே சட்டத்தின் 8(3) பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. 20 ஆண்டுகளுக்கு முன் நடந்தவற்றைப் பற்றிய தகவலுக்கு, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் நீங்கலாக மற்ற விலக்குகள் நிற்பதில்லை. வணிக இரகசிய விலக்கு அந்த நிலைத்து நிற்கும் பட்டியலில் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் ஃபார்முலா உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அமெரிக்கா இந்த உடன்படிக்கையை நிறைவேற்ற 1998-இல் இயற்றிய சட்டத்திலேயே, இதன்கீழ் பெறப்படும் வணிக இரகசியத்தைத் தன் தகவல் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து நேரடியாக விலக்கிவிட்டது. ஆய்வில் எடுக்கும் மாதிரிகள் நாட்டுக்கு வெளியிலுள்ள ஆய்வகத்துக்குப் போகக் கூடாது என்றும் அதில் எழுதிவைத்தது. நம் நாட்டிலோ தொழில் இரகசியத்துக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்ததே 2024-இல்தான். தகவல் உரிமைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு ‘சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட’ தொழில் இரகசியத்துக்குக் கூடுதல் காப்பு அளிக்கிறது; அது எந்தச் சட்டம் என்று வாதத்தில் கேட்டால், ஒப்பந்தச் சட்டத்தையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தொட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் வழக்காடிச் சமாளித்துக்கொள்ளும். நம் பகுதியின் சிறு ஆலைகளுக்குத்தான் எழுத்தில் உள்ள தெளிவான பாதுகாப்புத் தேவை.

பதில்: நொய்யல் கரை விவசாயி

ஐயா, மூவரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். உழைத்துக் கண்டுபிடித்த கலவையைக் காத்துக்கொள்ள நினைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘வணிக இரகசியம்’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடிவயிறு கலங்கும் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் தேங்கியது சாயக்கழிவு. தென்னை கருகியது, கிணற்று நீரை மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பியது. அந்த ஆண்டுகளில், தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டுப் பட்டறை வாசலில் நின்றால், அது தொழில் விஷயம் என்பதுதான் பதிலாக வரும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் எங்கள் கேள்விக்கு எடை வந்தது. போபாலில் 1984-இல் நச்சு வாயு பரவிய இரவில், எந்த வாயுவுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று தெரியாமல் மருத்துவர்கள் தவித்ததை நாடே அறியும்.

ஆயுதத்துக்கு மூலப்பொருளாகக்கூடிய ஒன்று எங்கள் பக்கத்து ஆலையில் டிரம் டிரம்மாக இருக்கிறது என்றால், அது இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாமல் போகும்படி இந்த இரகசியப் பாதுகாப்பு நீளுமா? தீப்பிடித்தால் வண்டியோடு வரும் தீயணைப்பு வீரருக்காவது தெரியுமா?

பதில்: ஈரோடு வழக்கறிஞர்

ஐயா கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்த இரகசியப் பாதுகாப்பு அவ்வளவு தூரம் நீளாது, நீளவும் கூடாது.

உடன்படிக்கையின் கீழ் அரசுக்குக் கொடுத்த தாள் ஒரு தடம். ஆலையின் அபாயத்தை அறிவிக்க வேண்டிய கடமை வேறொரு தடம். போபாலுக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41-பி பிரிவு, உடல்நலக் கேடு உள்ளிட்ட அபாயங்களையும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும் தலைமை ஆய்வாளருக்கும் உள்ளாட்சிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் ஆலை நடத்துபவரே தெரிவிக்க வேண்டும் என்ற கடமையைக் கொண்டுவந்தது. அதே சட்டத்தின் 118-ஆம் பிரிவு, ஆய்வாளர் தன் பணியில் அறிந்த உற்பத்தி இரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று தடுத்தது. அபாயம் ஊருக்குத் தெரிய வேண்டும், செய்முறை ஆலைக்குள் இருக்கலாம் என்ற கோட்டைச் சட்டம் அங்கேயே கிழித்துவிட்டது. 1989-ஆம் ஆண்டு அபாயகர இரசாயன விதிகளும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கொள்கலன் மீதான அடையாளத்தையும் கட்டாயமாக்கின.

கழிவுநீரைப் பொறுத்தவரை 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவு உங்கள் கையிலுள்ள கருவி. ஆலைக்கு விதித்த நிபந்தனைகளை மாசு கட்டுப்பாட்டு வாரியம் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கழிவு வெளியேற்றம் தொடர்பான பகுதியை, அதனால் பாதிக்கப்படும் எவரும் நியாயமான நேரத்தில் சென்று பார்வையிடலாம். அங்கே யாராவது ‘இரகசியம்’ என்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

மறுகேள்வி: பெருந்துறை உற்பத்தியாளர்

விரிவாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. விவசாயி ஐயாவுக்கு: எங்கள் டிரம்மில் அபாயக் குறியும், கிடங்கு வாசலில் தரவுத் தாளும் இருக்கின்றன. தயோடைகிளைக்கால் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவிக்கிறேன். ஊராட்சியிலிருந்து யார் வந்து பார்த்தாலும் கிடங்கைத் திறந்து காட்டுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பொறியாளர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். ஃபார்முலாவைக் கேட்கவில்லை என்றாலும் ஆண்டு மொத்த அளவைக் கேட்கிறார்களே! நாங்கள் அந்தப் பொருளைச் சேர்ப்பது ஒரே ஒரு சரக்கில்தான். அந்தச் சரக்கு ஆண்டுக்கு எத்தனை டிரம் விற்கிறது என்று சந்தையில் சுற்றுபவர்களுக்கு ஏறக்குறைய தெரியும். ஒன்றை ஒன்றால் வகுத்தால் விகிதம் வந்துவிடாதா? மூன்றாம் அட்டவணைப் பொருட்களுக்கு அளவை வரம்பாகச் சொன்னால் போதும் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கும் அப்படிச் செய்ய வழி உண்டா? டிரைஎத்தனால்அமீனும் நாங்கள் வாங்கிக் கலக்கிறோம். அதையும் அறிவிக்க வேண்டுமா?

பதில்: கோவை, ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர்

கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள், தம்பி. வகுத்துப் பார்த்தால் விகிதம் வரும். ஒரு பொருள், ஒரு சரக்கு என்று இருக்கும் ஆலைக்கு மொத்த அளவே ஃபார்முலாவின் ஒரு பகுதிதான். பெரிய ஆலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஒரே பொருள் பல சரக்குகளில் போவதால் மொத்தம் எதையும் காட்டிக்கொடுக்காது. விதியை எழுதியவர்கள் பெரிய ஆலைகளை மனதில் வைத்து எழுதினார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

வரம்பாகச் சொல்லும் வசதி மூன்றாம் அட்டவணை ஆலைகளுக்கு உண்டு: 30 முதல் 200 டன், 200 முதல் 1,000 டன் என்று. அட்டவணையில் இல்லாத பொதுவான கரிம வேதிப்பொருள் ஆலைகளுக்கு அதைவிடத் தளர்வு. எந்தப் பொருள் என்றுகூடப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் அட்டவணைக்கு உண்மையான அளவையே தர வேண்டும். அதில் சலுகை கேட்பது வீண். ஆகவே வழக்கறிஞர் சொன்ன கடிதத்தில், அந்த ஓர் எண்ணை முதலில் குறிப்பிட்டு, அதிலிருந்து விகிதத்தை எப்படிக் கணக்கிட முடியும் என்பதை நீங்கள் இப்போது எழுதியதைப் போலவே இரண்டு வரிகளில் விளக்குங்கள். டெல்லியில் கோப்பைப் பார்ப்பவருக்கு ‘இது முக்கியம்’ என்ற சொல்லைவிட அந்தக் கணக்கு தெளிவாகப் புரியும்.

டிரைஎத்தனால்அமீன் மூன்றாம் அட்டவணைப் பொருள். அதை உற்பத்தி செய்பவர்கள் 30 டன்னுக்கு மேல் போனால் அறிவிக்க வேண்டும். வாங்கிக் கலப்பவர்களுக்கு அந்த ஆண்டு அறிவிக்கை இல்லை. வெளிநாட்டிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்தாலோ, வெளிநாட்டுக்கு அனுப்பினாலோ விதி வேறு. இந்த இரு பொருட்களில் எதை ஏற்றுமதி செய்ய நினைத்தாலும் முதலில் ஸ்கோமெட் என்ற இந்திய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு இரண்டாம் அட்டவணைப் பொருளை அனுப்புவது 2000-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

பதில்: ஈரோடு வழக்கறிஞர்

இறக்குமதி என்ற பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் தயோடைகிளைக்காலை நேரடியாக இறக்குமதி செய்கிறீர்களா, உள்நாட்டு வியாபாரியிடம் வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. நேரடி இறக்குமதி என்றால், அறிவிக்கையைவிடச் சுங்க ஆவணத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். யார், எந்தப் பொருளை, எவ்வளவு, என்ன விலைக்கு இறக்கினார் என்ற விவரத்தைத் தொகுத்து விற்கும் தொழிலே வெகுகாலம் நடந்தது. நம் பகுதி வணிகர்களும் அதைச் சந்தா கட்டி வாங்கிப் போட்டியாளரின் சரக்கைப் படித்திருக்கிறார்கள். அதைத் தடுக்க 2022-இல் சுங்கச் சட்டத்தில் 135-ஏஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. இறக்குமதி ஏற்றுமதிக்காகச் சுங்கத்திடம் அளித்த மதிப்பு, வகைப்பாடு, அளவு போன்றவற்றைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. உங்கள் விவரம் அப்படி எங்காவது விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டால், திரைப் படத்தோடு சுங்க ஆணையருக்குப் புகார் எழுதுங்கள்.

கடிதத்தின் நகலில் பெறுகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இணையவழி அனுப்பினால் ஒப்புகையை அச்செடுத்து அதே கோப்பில் வையுங்கள். ரெசிபி அலமாரியின் பொறுப்பாளரிடமும், கலக்கும் கூடத்தில் உள்ளவர்களிடமும் இரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதி வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 11-ஆம் பிரிவின்படி ஆட்சேபம் எழுத நேர்ந்தால், இரகசியமாக நடத்தினோம் என்பதற்கு அந்த ஒப்பந்தங்கள்தான் முதல் சான்றாக நிற்கும். இல்லையென்றால் அறிவிக்கையை அனுப்பும் முன்பே எழுதி வாங்கி, தேதியோடு கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.